கருத்துக்குக் கீழே ஒரு நம்பர்

அந்த ஆளுக்குப் பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் கூட வேலை செய்கிறவர்கள் 'நம்பர்' என்றுதான் கூப்பிடுவார்கள். டைல்ஸ் ஒட்டுகிற வேலை. மற்ற டைல்ஸ்காரர்கள் சுவரில் எழுதிப் போடுவார்கள், கரண்ட் கம்பத்தில் சீட்டு ஒட்டுவார்கள். இவர் வேறு வழி கண்டுபிடித்தார். கைப்பேசியில் எந்த விஷயத்துக்கு ஊரே கூடிச் சண்டை போடுகிறதோ அங்கே போய்த் தானும் ஒரு கருத்தை எழுதுவார். அதற்குக் கீழேயே 'குளியலறை, சமையலறை டைல்ஸ் வேலை சுத்தமாகச் செய்து தரப்படும்' என்று போட்டு நம்பரையும் போட்டுவிடுவார். கூட்டம் நிற்கிற இடத்தில்தானே கடை விரிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

கணக்கு தப்பவில்லை. கொஞ்ச நாளில் இன்னொன்றும் பிடிபட்டது. பதவிசாக எழுதினால் ஒருத்தரும் சீண்டுவதில்லை. காரமாக எழுதினால் வரி மேலே போய் நின்றுகொள்கிறது. அதிலும் விளையாட்டுக்காரர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். பந்தைக் கோட்டைவிட்டவன், நடுவரிடம் மல்லுக்கு நின்றவன், விளம்பரத்தில் மட்டும் பறந்து பறந்து அடிக்கிறவன் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதினார். மீசை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் எழுத்துக் கூட்டப் பழகியவர். தான் எழுதியதற்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் சிரித்த மூஞ்சி போடுவதைப் பார்த்தால் அவருக்குச் சாப்பிடாமலே வயிறு நிறையும்.

"பெரிய நீதிபதி, தீர்ப்பு எழுதறாரு" என்பாள் மனைவி. அவளும் அவரோடுதான் வேலைக்கு வருவாள். கலவை குழைப்பது, டைல்ஸ் எடுத்துக் கொடுப்பது, கடைசியில் துடைத்துவிடுவது எல்லாம் அவள்தான்.

"நீதிபதி இல்லடி, விளம்பரம். நீ வாயை வெச்சுட்டு சும்மா இரு."

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஓட்டக்காரி விவகாரம் வந்தது. பெரிய போட்டி, இறுதி ஓட்டம். கடைசி வளைவு வரைக்கும் அவள்தான் முன்னால். எல்லோரும் வீட்டில் எழுந்து நின்று கத்திக்கொண்டிருக்கிற நேரத்தில் அவள் ஓட்டத்தைக் குறைத்தாள், நின்றாள், பாதையைவிட்டு இறங்கிப் புல்லில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள். மற்றவர்கள் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஏன் நின்றாய் என்று கேட்டதற்கு அவள் வாயே திறக்கவில்லை. அவள் திறக்காததால் ஊர் திறந்தது. கைநீட்டி வாங்கிவிட்டாள் என்றார்கள், காதல் தோல்வி என்றார்கள், தலைக்கனம் என்றார்கள்.

நம்பரும் எழுதினார். 'சோறு போட்டு வளர்த்த நாட்டுக்கு இவள் செய்த மரியாதை இது. திமிர் பிடித்தவள். ஓட முடியாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கட்டும்.' கீழே வழக்கம்போல டைல்ஸ், நம்பர்.

அது போன போக்கை அவரே எதிர்பார்க்கவில்லை. ஏதோ ஒரு செய்திப் பக்கம் அதைப் படமாகப் பிடித்து, 'டைல்ஸ்காரர் கொடுத்த சாட்டையடி' என்று போட்டுவிட்டது. நம்பரோடு போட்டதுதான் விசேஷம். போன் அடித்தபடியே இருந்தது. பாதிப் பேர் பாராட்ட, மீதிப் பேர் வேலைக்கு. அதில் ஒரு அம்மாள், குளியலறைத் தரை வழுக்குகிறது, மாற்ற வேண்டும், உடனே வர முடியுமா என்று கேட்டாள். போனார்கள்.

மாடி வீடு. கூடத்தில் ஒரு தையல் மெஷின். தூசி படாமலிருக்க அதன்மேல் போர்வை போர்த்தியிருந்தது. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அந்த அம்மாளுக்கு மணிக்கட்டில் கட்டு. "வழுக்கி விழுந்துட்டேன். சொரசொரப்பா இருக்கிற டைல்ஸ் போடுங்க" என்றாள். உள்ளறைக் கதவு சாத்தியே இருந்தது. "பொண்ணு உள்ள இருக்கா. வேலை முடியற வரைக்கும் பாத்ரூமுக்குப் பக்கத்து வீட்ல போய்க்கிறோம்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள்.

முதல் நாள் பழைய தரையைப் பெயர்த்தார்கள். மறுநாள் நூல் கட்டி, தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் பார்த்து, பின்சுவர்ப் பக்கமிருந்து ஒட்டிக்கொண்டு வந்தார். பாதித் தரை ஆகியிருந்தது. மனைவி அடுத்த வாளி பசைக் கலவையைக் குழைத்து வைத்த நேரம் அந்த அம்மாள் கைப்பேசியோடு வாசலில் வந்து நின்றாள்.

"இதைக் கொஞ்சம் வாசிங்க."

நம்பர் எட்டிப் பார்த்தார். தன்னுடைய வரிதான். அவருக்கு முகம் மலர்ந்துபோயிற்று.

"நான்தாம்மா எழுதினேன். இதுலதான் நம்பர் எடுத்தீங்களா?"

"ஆமா. சத்தமா வாசிங்க. உள்ள இருக்கிறவளுக்குக் கேக்கணும்."

"யாருக்கும்மா?"

"என் பொண்ணுக்கு. பாத்திரம் தேய்க்கச் சொன்னீங்களே, அவளுக்குத்தான்."

கரண்டி கையில் இருந்தது. அதிலிருந்து கலவை சொத்தென்று ஒட்டிய டைல்ஸ்மேல் விழுந்தது. மனைவி குனிந்து துணியால் துடைத்தாள். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் அவரைக் கூடுதலாகச் சுட்டது.

"தெரியாமப் போச்சும்மா. சத்தியமா தெரியாது. இப்பவே அழிச்சிடறேன்."

"அழிங்க. படமா ஊரெல்லாம் சுத்துதே, அதை யாரு யாருகிட்ட போய் அழிப்பீங்க?" அந்த அம்மாளின் குரல் ஏறவில்லை. துணிக்கு அளவு சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "எழுதினவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு மூஞ்சியே இல்ல. ஒருத்தன் பூனைப் படம் வெச்சிருக்கான், ஒருத்தி பூப் படம். உங்களுக்குத்தான் மூஞ்சியும் இருந்துச்சு, நம்பரும் இருந்துச்சு. எனக்குத் தரையும் மாத்தணும், எழுதின ஆளையும் பாக்கணும். கூப்பிட்டேன்."

"அம்மா, வேலை செஞ்சு குடுத்துட்டுப் போயிடறேன். கலவை வேற இறுகுது..."

"வாசிச்சுட்டுச் செய்யுங்க. முடியாதுன்னா கரண்டியக் கழுவிட்டுக் கிளம்புங்க. மிச்சத்துக்கு வேற ஆளு பாத்துக்கறேன்."

நம்பர் தரையைப் பார்த்தார். பாதி வரை பளிச்சென்று வரிசை, மீதி வெறும் சிமெண்டு. இத்தனை வருஷத்தில் அவர் ஒட்டிய தரையில் கோணல் இருந்திருக்கிறது, திட்டு வாங்கி இரண்டாம் முறை பெயர்த்தும் போட்டிருக்கிறார். ஆனால் பாதியில் போட்டுவிட்டுப் போன தரை என்று ஒன்று இல்லை. அந்த ஒரு பேச்சு மட்டும் அவர்மேல் கிடையாது. ஆனாலும் கால் என்னவோ வாசல் பக்கம்தான் பார்த்தது.

"என்ன, நீங்களும் ஓடி முடிக்கிற கோட்டுக்குப் பக்கத்துல வந்து நிக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி, துணியைப் பிழிந்துகொண்டே.

அந்த அம்மாளே ஒரு நொடி திரும்பி அவளைப் பார்த்தாள்.

நம்பர் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை வாங்கினார். அவருக்கு எப்போதும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வாசிக்க வரும். எழுதும்போது சரசரவென்று போன வரி, வாசிக்கும்போது முடியவே மாட்டேனென்றது. 'சோறு போட்டு' என்றார். நிறுத்தினார். 'வளர்த்த நாட்டுக்கு' என்றார். 'திமிர்' என்ற இடத்தில் உள்ளறைக் கதவு திறந்தது.

திரையில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். வெளுத்த பனியன், வாராத தலை. சுவரில் சாய்ந்து நின்றாள்.

"பரவால்ல, முடிங்க" என்றாள்.

முடித்தார். 'பாத்திரம் தேய்க்கட்டும்' வரைக்கும் வாசித்துவிட்டுக் கைப்பேசியை நீட்டினார்.

"கீழ இன்னும் இருக்கே" என்றாள் அவள்.

"அது... டைல்ஸ் வேலை சுத்தமா செஞ்சு தரப்படும்."

அவள் உதட்டைக் கடித்தாள். சிரிப்பா வேறேதாவதா என்று தெரியவில்லை. "இதைப் பாத்து வேலை வருதா?"

"வருதும்மா."

"அப்ப நான் நின்னதுல உங்களுக்காவது லாபம்."

வாளியில் கலவை மேலே தோல் கட்ட ஆரம்பித்திருந்தது. மனைவிதான் கேட்டாள், "கால்ல எதுவும் அடியாம்மா?"

"இல்லக்கா. கால் நல்லாத்தான் இருக்கு. அந்த எடத்துல போதும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், எனக்கே வேற ஒண்ணும் தெரியல. இதை மைக்குல சொன்னா விடுவாங்களா?"

நம்பருக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது. வாயில் வந்தது வேறு. "திமிர்னு எழுதினது தப்பும்மா. பாத்திரம்னு எழுதினதும் தப்பு. ஆனா ஓட்டத்தை முடிச்சிருக்கணும். நடந்தாவது போயிருக்கணும். நாங்க வீட்ல எழுந்து நின்னு கத்துனோம்."

"ஏங்க!" என்றாள் மனைவி.

அந்த அம்மாளுக்கு முகம் சிவந்தது. பெண் மட்டும் தலையை ஆட்டினாள். "இருக்கலாம்" என்றாள். "கோச்சும் அதைத்தான் சொன்னாரு." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் கதவையே பார்த்தாள். பிறகு, "வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் நடந்தாள்.

வாளிக் கலவை வீண். மனைவி கீழே போய்க் கொட்டிவிட்டு வேறு குழைத்துக் கொண்டுவந்தாள். அதற்குள் நம்பர் வரியை அழித்திருந்தார். அழித்தபோது ஒன்றும் ஆகவில்லை, திரை சும்மாதான் இருந்தது. கடைசி வரிசைக்கு வரும்போது போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டு முழங்கால்பக்கம் வைத்தார்.

"அண்ணே, அந்த ஓட்டக்காரிய வெளுத்து வாங்கினது நீங்கதானே? சும்மா தீ மாதிரி! நம்ம வீட்ல ரெண்டு பாத்ரூம் இருக்கு..."

நம்பர் ரப்பர் சுத்தியலால் டைல்ஸை நாலு தட்டுத் தட்டினார். "ராங் நம்பர்" என்றார். வைத்துவிட்டார்.

"ரெண்டு பாத்ரூம்" என்றாள் மனைவி.

"கேட்டுச்சு."

"இனிமே நம்ம நம்பர் ராங் நம்பர்னா, வேலைக்கு எவன் கூப்பிடுவான்?"

"அந்த டைல்ஸை எடு."

கிளம்பும்போது அந்த அம்மாளிடம் சொன்னார்: "நாளைக்குக் காலையில வந்து இடுக்கு அடைச்சுட்டா வேலை முடிஞ்சுது. அது வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாதும்மா. ஈரம்." அவள் தலையாட்டினாள்.

மறுநாள் காலையில் அந்த அம்மாள் கதவைத் திறந்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நம்பர் குளியலறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையின்மேல் கண்ணை ஓட்டினார். வாசலிலிருந்து இரண்டாவது வரிசையில் ஒரு டைல்ஸ் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பசை ஓரத்தில் பிதுங்கியிருந்தது. அதன்மேல் காய்ந்த கால் தடம். முன்பாதம் மட்டும், குதிகால் இல்லை.

விரலால் தட்டினார். டொக்கென்று வெற்றுச் சத்தம். பெயர்த்தாக வேண்டும்.

"நான்தான்" என்று பின்னாலிருந்து குரல். அந்தப் பெண்தான், தலை வாரியிருந்தாள். "விடியக்காலம். பக்கத்து வீட்ல போனா அந்த ஆன்ட்டி ஏன் நின்னேன்னு கேக்கறாங்க. தினமும் கேக்கறாங்க. அதான் இங்கயே நுனிக்கால்ல போயிட்டு வந்துடலாம்னு..." நிறுத்தினாள். "திட்டணும்னா திட்டுங்க. நேர்லதான் இருக்கேன்."

நம்பர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிச்ச பொண்ணுதானே நீங்க?" என்று ஆரம்பித்தார். "ஈரம்னு சொன்னா மிதிக்கக் கூடாதுன்னு தெரியாதா? ஒரு நாள் பொறுக்க முடியலையா? நுனிக்கால்ல போனா மட்டும் என்ன, நீங்க பஞ்சு மூட்டையா? நான் முதுகு ஒடிய நூல் புடிச்சு ஒட்டியிருக்கேன், இவங்க ஓட்டப் பந்தயம் ஓடறாங்க என் தரையில. அங்க நில்லுன்னா நிக்க மாட்டாங்க, நிக்கக் கூடாத எடத்துல..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். சத்தமான சிரிப்பு, மூச்சு வாங்குகிற சிரிப்பு.

"என்னடி அங்க சத்தம்?" என்று சமையலறையிலிருந்து அந்த அம்மாளின் குரல் பதறி வந்தது.

"ஒண்ணுமில்லம்மா. டைல்ஸ்காரர் என்னைத் திட்டிட்டு இருக்காரு."

நம்பர் உளியை எடுத்து ஓரத்தில் கொடுத்து அந்த டைல்ஸை மெல்ல நெம்பினார். உடையாமல் வந்தது.

"ஒரு கை கலவை போதும்" என்று மனைவியிடம் சொன்னார். "நிறைய குழைக்காத."