பட்டியலில் இல்லாத சம்மட்டி

சோவியத் படையின் கே.வி. டாங்கியை வடிவமைத்தவர்கள் பெரிய படிப்பாளிகள். சுற்றிலும் மூன்று அங்குல எஃகைப் போர்த்தி, எடையை நாற்பத்தைந்து டன்னுக்கு மேல் ஏற்றினார்கள். கடைசியில் அதை நகர்த்த ஒரு பழைய டிராக்டரின் கியர்பெட்டியை வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்கள். வண்டியை நிறுத்தாமல் கியர் மாற்ற முடியாது. நிறுத்தினாலும் கியர்த் தடியை உதைக்க வேண்டும், திட்ட வேண்டும், அதற்கும் மசியாவிட்டால் சம்மட்டியால் போட வேண்டும். ஆகவே கே.வி. ஓட்டுகிற எவனும் இருக்கைக்கு அடியில் சம்மட்டி இல்லாமல் கிளம்ப மாட்டான்.

நிக்கிஃபோர் சவேலிச்சும் அப்படித்தான். நாற்பத்திரண்டு வயது. லெனின்கிராட் தொழிற்சாலையில் இந்த வண்டிக்குச் சங்கிலிப் பட்டை மாட்டியவர், 1941 ஆகஸ்டில் ஜெர்மன்காரன் நெருங்கியதும் அதிலேயே ஏறி ஓட்டுநராக வந்துவிட்டார்.

அன்று காலை அந்த டாங்கிக்குப் புதிய தளபதி வந்து இறங்கினான். இளநிலை லெப்டினன்ட் கிளேப் யுர்லோவ், பயிற்சிப் பள்ளியிலிருந்து நேரே வந்தவன். கையில் கருவிப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான்.

"சவேலிச், இந்தச் சம்மட்டி பட்டியல்ல இல்லையே?"

"பட்டியல் போட்டவங்க வண்டி ஓட்டினதில்ல, தோழர் லெப்டினன்ட்."

"கியர் போடக் கையில பலம் வேணும். சம்மட்டி எதுக்கு? இது கொல்லன் பட்டறையா?"

பீரங்கி சுடுகிற கைசா என்ற தத்தார் இனத்தவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சம்மட்டி கொட்டகைக்குப் போனது. நிக்கிஃபோரே முணுமுணுத்துக்கொண்டு அதைச் சுமந்துபோனார். ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே.

மதியம் சதுப்பு நிலத்தின் நடுவே போகும் ஒற்றைச் சாலையில் கே.வி. தனியாக நின்று எதிரியை மறித்தது. ஜெர்மன் பீரங்கிகள் அடித்த குண்டுகள் கவசத்தில் பட்டுத் தெறித்து நாணலுக்குள் விழுந்தன. ஒவ்வொரு அடிக்கும் காதில் மணி அடித்தது. "கதவு தட்டுறான், திறக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே கைசா மூன்று பீரங்கிகளை நொறுக்கினான். அதற்குள் டாங்கியின் பீரங்கிக் குண்டுகள் தீர்ந்துவிட்டன, இயந்திரத் துப்பாக்கிக்கு ஒரே ஒரு வட்டத் தட்டில் அடைத்த தோட்டாக்கள்தான் மிச்சம்.

"பின்னால போ!" என்றான் யுர்லோவ்.

சாலையில் திரும்ப இடமில்லை, பின்கியரில்தான் போக வேண்டும். நிக்கிஃபோர் தடியை இழுத்தார். அசையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வானொலிக்காரனும் சேர்ந்து இழுத்தான். இரண்டு பேரும் பூட்ஸால் உதைத்தார்கள். தடி கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. இன்ஜின் திணறி நின்றுபோனது.

யுர்லோவின் முகம் வெளுத்தது. "நகர்த்த முடியலேன்னா எதிரி கையில சிக்காம கொளுத்திட்டு இறங்கணும். அதுதான் உத்தரவு."

"காலையில ஒரு உத்தரவு போட்டீங்க. அது போதும்."

"சவேலிச்!"

"இதுல பாதி ஆணி என் கையால முடுக்கினது. கொளுத்தணும்னா என்னையும் சேர்த்துக் கொளுத்துங்க. நான் இறங்க மாட்டேன்."

யாரும் இறங்கவில்லை. டாங்கி செத்துவிட்டது என்று நினைத்து ஜெர்மன்காரர்கள் மெல்ல வந்து மேலே ஏறினார்கள். பூட்ஸ் சத்தம் தலைக்கு மேல் கேட்டது. உடைந்த ருஷ்யமொழியில் ஒருவன் சரணடையச் சொன்னான். பிறகு கோபுர மூடியின் மேல் ஓர் இடி விழுந்தது. இன்னொன்று.

நிக்கிஃபோர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் கண் மின்னியது.

"தம்பி, கேட்டியா?" பதற்றத்தில் மரியாதை பறந்துவிட்டது. "அது சம்மட்டி. எட்டுக் கிலோவாவது இருக்கும். எனக்கு அது வேணும்!"

யுர்லோவ் ஒரு கணம் அவரை வெறித்துப் பார்த்தான். தான் கொட்டகைக்கு அனுப்பியது போன்ற ஒன்றை எதிரியே வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறான். வெட்கத்தில் காது சிவந்தது.

"கைசா, கோபுரத்தைச் சுத்து!"

கோபுரம் பேட்டரியின் பலத்தில் உறுமிக்கொண்டு சுற்றியது. நீண்ட பீரங்கிக் குழாய் இருவரை வாரிச் சதுப்பில் தள்ளியது, மற்றவர்கள் குதித்து ஓடினார்கள். கோபுரத்தின் பின்பக்க இயந்திரத் துப்பாக்கி கடைசித் தோட்டாக்களைக் கக்கியது. சம்மட்டி உருண்டு இன்ஜின் மூடியின்மேல் கிடந்தது. யாரும் சொல்லாமலே யுர்லோவ் மூடியைத் திறந்து இடுப்புவரை வெளியே பாய்ந்தான். கைப்பிடியை எட்டிப் பிடித்தான். அந்தக் கணத்தில் ஒரு தோட்டா அவன் இடக்கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோனது. அவன் கத்தினான், ஆனால் பிடியை விடவில்லை.

"இந்தாங்க, சவேலிச்!"

மூன்றாவது அடியில் கியர் விழுந்தது. இன்ஜினும் இரண்டு முறை இருமிவிட்டு உயிர் பெற்றது. நிக்கிஃபோர் அழுதுகொண்டே சிரித்தார். வந்த வழியிலேயே பின்னோக்கி, முகத்தை எதிரிக்குக் காட்டியபடியே, கே.வி. தன் படைக்குள் வந்து சேர்ந்தது.

சாயங்காலம் பழுதுபார்க்கும் முகாமில் குமாஸ்தா பட்டியலோடு வந்தான்.

"இந்தச் சம்மட்டி பட்டியல்ல இல்லையே, தோழர் லெப்டினன்ட். ஒப்படைச்சிடுங்க."

மருத்துவமனைக்குப் போக மறுத்து டாங்கியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த யுர்லோவ், கட்டுப்போட்ட கையை அந்தத் தாளின்மேல் வைத்தான். துணியில் ரத்தம் ஊறியிருந்தது.

"அப்ப பட்டியலைத் திருத்துங்க. சம்மட்டி, ஒண்ணு."

"யாரு கொடுத்ததுன்னு எழுதுறது?"

"ஜெர்மன்காரன்னு எழுதுங்க. வேணும்னா அவனையே வந்து திருப்பிக் கேக்கச் சொல்லுங்க. நாளைக்கும் அதே ரோட்டுலதான் நிப்போம்."

குமாஸ்தா எழுதினான். நிக்கிஃபோர் சம்மட்டியைத் துடைத்து இருக்கைக்கு அடியில் வைத்தார்.