போதகர் வீட்டு மூட்டைமுடிச்சு

காலனியில் தலை பெருகிவிட்டால் பாதிப் பேர் கிளம்பிப் புது மண்ணுக்குப் போக வேண்டும். சொத்தைப் பொதுவில் வைத்துக் கூட்டமாக வாழும் ஹட்டரைட்டு கிறிஸ்தவர்களின் வழக்கம் அது. போவது எந்தப் பாதி என்பது கடைசி நாள் காலைவரை யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாருமே மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிட்டு நிற்பார்கள். போதகரின் தொப்பிக்குள் இரண்டு சீட்டு, பாதிக்கு ஒரு தலைவர் பெயர். எடுத்த சீட்டில் எந்தத் தலைவர் பெயரோ, அவருடைய பாதி தங்கும். கடவுளின் கை என்பார்கள்.

ராகேலுக்கு ஒரே வேண்டுதல், தங்கிவிட வேண்டும். பீட்ரூட் தோட்டத்துக்குப் பின்னால் மகள் லிதியாவைப் புதைத்த மண் இன்னும் அமுங்கக்கூட இல்லை.

மூத்த போதகர் சக்கரியா அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். ஒரு பாதிக்கு அவர் தலைவர், ராகேல் இருந்தது மறுபாதியில். ‘தன் விருப்பத்தை விட்டுவிடுவதே விசுவாசம்’ என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்வார். சொல்லும்போது தாடிகூடத் தியாகம் செய்வதுபோல் நடுங்கும்.

கடைசி நாள் காலை சக்கரியாவே சீட்டை எடுத்தார். தன் பெயரையே வாசித்தார். “என்ன செய்ய, அவர் சித்தம்” என்று பெருமூச்சு விட்டார், சிலுவை சுமக்கப் போகிறவர் மாதிரி.

ராகேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணி யுஸ்தினாவின் சாமானை இறக்கக் கைகொடுக்கப் போனாள். பெரிய மரப்பெட்டி ஒன்றைத் தம் கட்டித் தூக்கினாள். அது எகிறி வந்து முகவாயில் இடித்தது. உள்ளே காற்று. அடுத்ததிலும் காற்று. மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் வைக்கோல்.

“சாமான் எல்லாம் எங்க, அண்ணி?”

“அலமாரியிலதான். எடுத்து அடுக்க இடுப்பு ஒத்துக்கல ராகேலு.”

“இங்கதான் இருக்கப் போறோம்னு உங்க இடுப்புக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு.”

யுஸ்தினா வானத்தைப் பார்த்தாள், மழை வருமா என்று.

ராகேல் நேரே அண்ணனிடம் போனாள். “தொப்பியில மிச்சமிருக்கிற சீட்டக் காட்டுண்ணா.”

தொப்பி அதற்குள் தலைக்கு ஏறியிருந்தது. “ஜெபம் முடிஞ்சுதும்மா. கடவுள் எழுதினத நோண்டிப் பாக்கக் கூடாது.”

“ரெண்டுலயும் உன் பேரத்தான் எழுதினாரா?”

சுற்றி நின்ற ஆண்களுக்குத் திடீரென்று டயர்களில் காற்றுப் பார்க்கும் வேலை வந்துவிட்டது. அவள் கணவன் எலியாஸ் முழங்கையைப் பிடித்தான்.

“ஏறு ராகேல். போதகர் தொப்பியக் கழட்டச் சொன்னா சபைய விட்டே தள்ளிருவாங்க.”

“உனக்கும் தெரியுதுல்ல?”

அவன் அவளை ஏற்றிவிட்டு, தானும் லாரியில் ஏறிச் சாவியைத் திருகினான்.

லாரி நகரும்போது யுஸ்தினா ஓடிவந்து ஜன்னலைப் பிடித்தாள். “லிதியா கல்லறையில புல்லு மண்டாம நான் பாத்துக்கறேன். எம்மேல நம்பிக்க இல்லையா?”

“புல்லு மண்டட்டும் அண்ணி,” என்றாள் ராகேல். “நீங்க மட்டும் அங்க போகாதீங்க.”