சட்டைக் காட்சி

அந்தப் படம் பார்க்க எங்கள் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் வேன் பிடித்து சிரம்பானுக்குப் போனோம். அதற்குக் கதை எழுதி, தோழியாகவும் நடித்த ஷாமினி எங்கள் லயத்து வீடுகளில் வளர்ந்த பிள்ளை. வீட்டுக்காகப் பொய்க் கல்யாணம் செய்துகொள்கிற இரண்டு பேரின் கதை, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும் என்று அவள்தான் கூப்பிட்டாள். யாருடைய கதை என்று மட்டும் சொல்லவில்லை, பாவி.

ரந்தாவ் ஊர்ப் பக்கமிருந்த எங்கள் தோட்டத்தை விற்றபோது, கல்யாணமானவர்களுக்குத்தான் மாற்று வீடு என்றார்கள். என் அம்மாவும் பக்கத்து வீட்டு மயிலம்மாளும் புருஷனை இழந்தவர்கள். இருவருமாகச் சேர்ந்து மயிலம்மாள் மகன் சசிதரனுக்கும் எனக்கும் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துவைத்தார்கள். வீடு கிடைத்தது. ஓர் அறையில் நானும் அம்மாவும், இன்னோர் அறையில் அவரும் அவர் அம்மாவும். கோயிலில் தாலி ஏறாதவரை எங்கள் ஆட்களுக்கு அது கல்யாணமே இல்லை.

அந்த வாரம் ஞாயிறு அவருக்குப் பெண் பார்க்கக் கெமாஸ் ஊருக்குப் போவதாக இருந்தது. ரிஜிஸ்தரைக் கோர்ட்டில் ரத்து செய்துகொள்ளலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன். சின்ன வயதிலிருந்து அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுவிட்டு, இப்போது இவரைப் பிடித்திருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

படத்தில் ரிஜிஸ்தர் காட்சி வந்தது. கையெழுத்துப் போடும் நேரத்தில் கதாநாயகி, "அண்ணே, பேனா குடுங்க" என்றாள். அதிகாரி முழித்தார். எங்கள் வரிசையில் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அது நான் செய்த கூத்துதான். அன்றைக்குச் சாட்சிக்கு வந்தவள் ஷாமினி. சரி, தொலையட்டும் என்று நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்து, துணி துவைக்க வந்த கதாநாயகி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கதாநாயகன் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அரங்கமே விசிலடித்தது. எனக்குக் காதெல்லாம் எரிந்தது. இது ஷாமினிக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதையாகிவிட்டது. பக்கத்து நாற்காலியில் சசிதரன் மட்டும் சிரிக்கவில்லை.

படம் முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சட்டை விஷயத்த ஷாமினிகிட்ட யாரு சொன்னது?"

"நாந்தான்."

"பாத்தீங்களா?"

"ரெண்டு மூணு தடவ."

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். போக முடியாததால் கோபம் வந்தது. "என்கிட்ட கேக்கறத விட்டுட்டு, ஊருக்கே படம் காட்டுவீங்களா? மானமே போச்சு."

"நேரா கேக்க வெக்கமா இருந்துச்சு லா, மாதவி. அவகிட்ட யோசனைதான் கேட்டேன். படத்துல போடுவான்னு சத்தியமா தெரியாது." அவர் முகமும் என் முகம் மாதிரியே தொங்கிப்போயிருந்தது.

வேனிலிருந்து அத்தனை பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக மயிலம்மாள், "ஞாயித்துக்கெழம கெமாசுக்கு எத்தன மணிக்குடா கெளம்பணும்?" என்று கேட்டார்.

அவர் என்னைத்தான் பார்த்தார். போன மானம் போனதுதான், இனி எதைக் காப்பாற்ற?

"கெமாசுக்குப் போகாதீங்க" என்றேன், வேன் முழுக்கக் கேட்கும்படி.

அதன் பின்னால் வழக்கமான அண்ணே வரவில்லை. அதை எல்லாரும் கவனித்தார்கள். நாங்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.