குரூப்பில் ஒரு கை

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அன்புசெல்வன் கிரைண்டிங் ஷெட்டுக்கு வந்தார். தரம் பார்க்கும் இன்ஜினியர். கடம்பத்தூர்க்காரர். சாப்பிடுகிறவர்களிடம் பேச வேண்டியிருந்தால் தள்ளி நின்றுதான் பேசுவார்.

"ரெண்டாம் லைனுக்கு சனிக்கிழம லீடர் போடுறாங்க. ரெண்டு பேரச் சொல்லியிருக்கேன். ஒண்ணு பரசுராமன். ஒண்ணு கங்கம்மாக்கா."

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் கைகள் சோற்றில் நின்றன. கங்கம்மா அந்த ஷெட்டில் பதினான்கு வருடமாக இரும்பு வார்ப்புகளின் பிசிறைத் தேய்க்கிறாள். லீடர் பதவிக்கு ஒரு பெண்ணின் பெயரை அங்கே யாரும் சொன்னதில்லை.

"ஒண்ணே ஒண்ணுக்கா. இனிமே பீஸுல எந்தக் குறை வந்தாலும் வாட்சப் குரூப்புல போடணும். லீடர்தான் போடணும். நீங்க குரூப்புலயே இல்ல."

"எங்கிட்ட பட்டன் போனு சார்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடுங்க. வந்து ஒரு குறையாவது நீங்களே போடணும். அதக் காட்டித்தான் நான் மேல பேச முடியும்."

அவர் போனதும் ஈஸ்வரி முழங்கையால் இடித்தாள். இருவருக்கும் அடுத்தடுத்த மேசை.

"லீடருக்குப் பச்ச ஹெல்மெட்டு. ஒன் மூஞ்சிக்கு எடுப்பாத்தான்டி இருக்கும்."

"மொதல்ல போனுக்கு வழியப் பாக்கணும்."

"ஒங்க ஊட்டுக்காரு பழைய போனு பீரோவுல தூங்குதுன்னியே, அத்த எழுப்பு."

அவள் புருஷன் எபினேசர் காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்கிறார். கீழே நின்று கிரேனுக்குக் கை காட்டும் வேலை. அவருடைய பழைய போனில் ஒரு மூலை விரிசல் விட்டிருந்தது. மற்றபடி வேலை செய்தது. அன்று சாயங்காலம் கங்கம்மாவின் சிம்மை அதில் போட்டுக் கொடுத்தார்.

"நம்பர அட்ச்சாச்சா? இப்ப ஒரு ஆறு நம்பரு வரும் பாரு."

வந்தது. கங்கம்மா போனைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அத்த எடுத்து அதுல போடு."

"போட மாட்டேன்."

"ஏன்மே?"

"மகளிர் குழு மீட்டிங்குல பேங்க் மேடம் வந்து சொன்னாங்க. ஆறு நம்பரு வந்தா யாரு கேட்டாலும் குடுக்கக்கூடாது. பெத்த புள்ள கேட்டாலும் குடுக்கக்கூடாதுன்னாங்க."

"கேக்குறது வாட்சப்புமே."

"வாட்சப்பு இன்னா, பெத்த புள்ளயவிட ஒசத்தியா?"

எண் காலாவதியானது. மறுபடி கேட்டாள். மறுபடி வந்தது. மறுபடி மறைத்தாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு ஒரு மணி நேரம் கழித்து முயலச் சொல்லிப் போன் நிறுத்திக்கொண்டது. எபினேசர் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவள் மீன் கழுவினாள். குழம்பு கூட்டினாள். யோசித்தாள்.

"யோவ். அந்த நம்பர அனுப்புறது யாரு?"

"வாட்சப்புதான்."

"அனுப்புனவனுக்குத் தெரியாதா? எங்கிட்ட ஏன் திருப்பிக் கேக்குறான்?"

"நீதான் நீயான்னு பாக்குறான்."

"கேட்டுல செக்யூரிட்டி டோக்கன் கேக்குற மாதிரி. பதினாலு வருசமாப் பாக்குற மூஞ்சி. தெனம் கேக்குறான்."

"அதேதான்."

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

எண் நான்காவது முறையாக வந்தது. அவருக்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்து, அவர் எட்டிப் பார்க்காதபடி போனைச் சாய்த்துக்கொண்டு, ஆறு இலக்கங்களையும் போட்டாள்.

அடுத்துப் பெயர் கேட்டது. ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்துகள் தெரியும். அவள் விரல்தான் போனுக்குத் தெரியவில்லை. கிரைண்டர் பிடித்துப் பிடித்து நுனிகள் காய்த்துப்போயிருந்தன. ஆள்காட்டி விரலால் தட்டினாள், எதுவும் விழவில்லை. கடைசியில் சுண்டு விரல் வேலை செய்தது. கங்கம்மா என்று அடித்து முடிப்பதற்குள் குழம்பு கொதித்து இறங்கிவிட்டது.

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே ஈஸ்வரி அவளை ஹெல்மெட்டோடு படம் எடுத்தாள். பெயருக்கு மேலே அந்த முகம் வட்டமாக உட்கார்ந்தது. அன்புசெல்வன் அவளைக் குரூப்பில் சேர்த்தார். அவளையும் சேர்த்து முப்பத்திரண்டு பேர்.

கங்கம்மா குரூப்பை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அன்புசெல்வன் இங்கிலீஷில் எழுதியிருந்தார். பரசுராமன் தமிழில் வேகமாக எழுதியிருந்தார். உலைக்களத்தில் வேலை செய்யும் சூலூர்பேட்டைக்காரர்கள் தெலுங்கில் எழுதியிருந்தார்கள். வார்ப்புகளுக்கு மணல் அடித்துச் சுத்தம் செய்யும் ஒடிசாக்காரர்கள் காலை வணக்கத்துக்குப் பூப்படம் போட்டிருந்தார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்த மாதிரி தெரியவில்லை. அன்று மதியமே அன்புசெல்வன் ஷெட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்: "காலையிலேயே மெசேஜ் போட்டேனே, ஒருத்தரும் பாக்கலையா?"

பார்த்திருந்தார்கள். படிக்கத்தான் ஆளில்லை.

புதன்கிழமை எழுதுவதைவிடப் பேசிவிடுவது சுலபம் என்று அவளுக்குத் தோன்றியது. மேசையில் நின்றபடியே பொத்தானை அழுத்திப் பேசினாள். அனுப்பினாள். குரூப்பில் எல்லோரும் அதைப் போட்டுக் கேட்டார்கள். முப்பது விநாடி கிரைண்டர் சத்தம்.

பரசுராமன் எதிர் வரிசையிலிருந்து வந்தார்.

"இன்னாக்கா, மெஷினு நல்லாப் பேசுது. நீ எப்ப பேசுவ?"

"நீ காதுல பஞ்ச வச்சிகினு கேட்டா இப்படித்தான் இருக்கும்."

"சனிக்கிழம வரைக்கும் மெஷினையே லீடராப் போட்டுக்கலாமா?"

பெண்களும் சிரித்தார்கள். கங்கம்மாவும் சிரித்தாள். போனைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, புடவைமேல் மாட்டியிருந்த வேலைச் சட்டையின் பைக்குள் தள்ளினாள். அன்று வீட்டுக்குப் போகும் வேனில் அதை வெளியே எடுக்கவில்லை.

வியாழக்கிழமை அவள் கைக்குக் குறையே வரவில்லை. பரசுராமன் இரண்டு போட்டுவிட்டார். படத்தோடு, மூன்று வரி எழுத்தோடு.

வெள்ளிக்கிழமை ஒன்றே காலுக்குப் பம்ப் பாடி ஒன்று அவள் மேசைக்கு வந்தது. குடம் மாதிரி வயிறும், மேலே கழுத்தும் உள்ள வார்ப்பு. தேய்ப்பதற்கு முன் ஒவ்வொரு பீஸையும் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவாள். அந்தச் சத்தத்தில் காதுக்கு ஒன்றும் கேட்காது. விரிசல் இருந்தால் சுத்தியல் பிடியில் வரும் அதிர்வு பாதியில் செத்துவிடும். அதைக் கைதான் கேட்கும்.

செத்தது.

கழுத்தைத் துடைத்துப் பார்த்தாள். உள்பக்கம், தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. அடுத்த பீஸை எடுத்தாள். அதிலும் அதே இடம். மூன்றாவது. நான்காவது.

ஒரு பீஸில் இருந்தால் அது அந்தப் பீஸின் குறை. நான்கில் ஒரே இடத்தில் இருந்தால் அச்சில் கோளாறு. உலைக்களத்தில் இந்த நிமிடமும் அதே அச்சில் இரும்பு ஊற்றிக்கொண்டிருப்பார்கள். மணல் ஷெட்டில் அதே அச்சில் வந்த பீஸ்களுக்கு மணல் அடித்துக்கொண்டிருப்பார்கள். நேற்று முடித்தவை டிஸ்பாட்சில் லாரியில் ஏறிக்கொண்டிருக்கும். மூன்றும் மூன்று மூலையில். பரசுராமன் அன்று டிஸ்பாட்சில் எண்ணிக்கைக்குப் போயிருந்தார்.

அன்புசெல்வனைக் கூப்பிட்டாள். அவர் வாடிக்கையாளர் கம்பெனிக்குப் போயிருந்தார். மணி அடித்து ஓய்ந்தது.

கையுறையைக் கழற்றினாள். கழுத்து என்று எழுத, சுண்டு விரலால் 'க' அடித்தாள். 'ழு' கிடைக்கவில்லை. ஈஸ்வரி தன் கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தாள்.

"எங்கிட்ட குடுறி. நான் அடிக்கிறேன்."

"சார் என்னத்தான் போடச் சொன்னாரு."

"அப்ப சீக்கிரம் போடு. லாரி கிளம்பிடும்."

"போட்டா மட்டும்? ஒடிசாக்காரன் படிப்பானா? சூலூர்பேட்டக்காரன் படிப்பானா?"



கங்கம்மா தலையைத் தூக்கினாள். ஷெட்டில் யாரும் யாரிடமும் பேசிக்கொண்டிருக்கவில்லை. அங்கே பேச முடியாது. தொங்கல் கிரேனுக்குக் கீழே ஒருவன் மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்தான், கிரேன் நின்றது. மூன்றாம் மேசைக்காரி உள்ளங்கையை இரண்டு தடவை திருப்பினாள், அவளுக்குப் புது கிரைண்டர் கல் வந்தது. இந்தச் சைகைகளை யாரும் எழுதி வைக்கவில்லை. எந்த ஊரிலிருந்து வந்தாலும் முதல் வாரத்தில் பழகிவிடுவார்கள். பழகாதவர்கள் இரண்டாவது வாரம் இருக்க மாட்டார்கள்.

அடித்து வைத்திருந்த 'க'வை அழித்தாள்.

"ஈஸ்வரி, போன நீ புடி. படம் மட்டும் எடு."

கையுறையை மறுபடி மாட்டினாள். நான்கு பம்ப் பாடிகளையும் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் கழுத்திலும் சாக்பீஸால் வட்டம் போட்டாள். வட்டத்தில் விரலை வைத்தாள். அது முதல் படம். உள்ளங்கையில் முஷ்டியைக் குத்தி நிறுத்தினாள். விரிசல். அது இரண்டாவது. மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்தாள். நிறுத்து. அது மூன்றாவது.

"மூஞ்சி விழுவுதுடி."

"விழட்டும். யாரு சொன்னான்னு தெரியணும்."

போனை வாங்கிக் குரூப்பைத் திறந்தாள். மூன்று படங்களையும் அவளே தேர்ந்தாள். அவளே அனுப்பினாள். மணி ஒன்று இருபத்தாறு.

ஒன்றும் வரவில்லை. ஈஸ்வரி நகத்தைக் கடித்தாள். கங்கம்மா ஐந்தாவது பீஸை எடுத்துத் தட்டினாள். அதுவும் செத்தது.

ஒன்று இருபத்தெட்டுக்குப் போன் சட்டைப் பையில் நடுங்கியது.

ஒரு படம். தீப்பொறி ஓட்டை விழுந்த தோல் கையுறைகள், குறுக்கே வைத்த மணிக்கட்டுகள், பின்னால் உருகிய இரும்போடு ஊற்றாமல் நிற்கும் கரண்டி. உலைக்களம். எழுத்து எதுவும் இல்லை.

அடுத்தது மணல் ஷெட்டு. மூன்று ஒடிசாக்காரர்கள் ஒரே படத்தில். மூவரும் உள்ளங்கையைத் தலைக்கு மேல் விரித்திருந்தார்கள். புரிந்தது என்று அர்த்தம்.

மூன்றாவது வரத் தாமதமானது. இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தது. லாரியின் பின்கதவு. அது பாதி திறந்திருந்தது. அதன் முன்னால் பரசுராமனின் இரண்டு மணிக்கட்டுகள், குறுக்கே.

"நிறுத்திட்டான்டி," என்றாள் ஈஸ்வரி. "எழுதவே இல்ல பாரு அவன். கைய காட்டுறான்."

இரண்டு மணிக்கு அன்புசெல்வன் கூப்பிட்டார். கங்கம்மா ஷெட்டுக்கு வெளியே போய் எடுத்தாள்.

"அக்கா, மீட்டிங்குல இருந்தேன். இப்பதான் பாத்தேன். எல்லாரும் நிறுத்திட்டாங்களா?"

"மூணு எடமும் நின்னுட்ச்சி சார். லாரியில ஏத்துனது பதினெட்டு. எறக்கிக்கினு இருக்காங்க."



"நான் போட்டா ஒரு மணி நேரம் ஆகும்க்கா," என்றார்.

சாயங்காலம் அறுபத்து மூன்று பம்ப் பாடிகளைத் தட்டிப் பார்த்தார்கள். நாற்பத்தொன்றில் விரிசல். அச்சை மாற்றினார்கள்.

வீட்டில் எபினேசர் மூன்று படங்களையும் பார்த்தார். முதல் இரண்டைச் சீக்கிரம் தள்ளினார். மூன்றாவதில் நின்றார்.

"இது எங்க யார்டுலயும் நிறுத்துதான்."

"அப்படியா?"

"கை நல்லா நேரா வச்சிருக்க. எங்காளுங்க கூட இப்படி வைக்க மாட்டானுங்க." கொஞ்சம் கழித்து, "எனக்கு ஒண்ணு அனுப்பு. யார்டுல காட்டணும்," என்றார்.

சனிக்கிழமை மதியம் அன்புசெல்வன் கையில் பச்சை ஹெல்மெட்டோடு வந்தார். இந்தத் தடவை தள்ளி நிற்கவில்லை. பெண்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார். அவள் கையைக் கழுவிக்கொண்டு வரும்வரை காத்திருந்து கொடுத்தார். அவள் மஞ்சளைக் கழற்றிப் பச்சையை மாட்டினாள். பட்டையை ஒரு துளை இறுக்கினாள்.

"குரூப்புல போடணும்," என்றார் அன்புசெல்வன். போனை எடுத்தார். ஏதோ அடித்தார், அழித்தார். "அக்கா, லீடர்னு கையில எப்படிக் காட்டுறது?"

"அதுக்குக் கை இல்ல சார்."

"ஏன்?"

"இதுவரைக்கும் யாரும் கேக்கல."

"அப்ப நான் காட்டுறேன்," என்றாள் ஈஸ்வரி. எழுந்து வந்து கங்கம்மாவின் பக்கத்தில் நின்றாள். பச்சை ஹெல்மெட்டை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, கட்டைவிரலால் அவளைச் சுட்டினாள். "எடு சார்."

அவர் எடுத்தார். போட்டார்.

உள்ளங்கைகள் வர ஆரம்பித்தன. உலைக்களத்திலிருந்து ஒன்பது. மணல் ஷெட்டிலிருந்து ஏழு. லீவில் ஊருக்குப் போயிருந்த ஒருவன் வயல் வரப்பில் நின்று கையை விரித்திருந்தான். பரசுராமன் போனில் போடவில்லை. எதிர் வரிசையில் எழுந்து நின்று, தன் மஞ்சள் ஹெல்மெட்டை இரண்டு தட்டு தட்டி, அவளைச் சுட்டினார். பிறகு உள்ளங்கையைத் தலைக்கு மேல் விரித்தார்.

"மெஷினு நல்லாத்தான் பேசுது," என்றார்.

சங்கு ஊதியது. கங்கம்மா போனை உறைக்குள் போட்டாள். ஷெட்டுக்குள் நடந்தாள். கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. இரண்டாம் லைனில் ஆறு மேசை. புது அச்சில் ஊற்றிய முதல் பம்ப் பாடி முதல் மேசையில் இருந்தது.

அவள் மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்தாள். ஆறு கிரைண்டரும் நின்றன. ஆறு பேரும் பார்த்தார்கள்.

சுத்தியலை எடுத்துக் கழுத்தில் ஒரு தட்டு தட்டினாள். பிடி கடைசிவரை அதிர்ந்தது.

கையை உயர்த்தி ஓட்டச் சொன்னாள்.