தையல் விட்ட பைகள்

ஆராய்ச்சி நிலையத்துப் பெண் துணி வெட்டும் மேசைமேல் ஈரப் பை ஒன்றை வைத்தாள். உள்ளங்கை அளவுச் சாக்குப் பை. ஒரு பருவம் முழுக்கக் கழிமுகத்துச் சேற்றில் கிடந்திருந்தது. சாக்கு கறுத்திருந்ததே தவிர, தையல் இம்மிகூட நகரவில்லை. தையல்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெருமையில் அவள் முகமே அகலமாகிவிட்டது.

“பாத்தியா கண்ணு, இத்தனை நாள் தண்ணிக்குள்ள கெடந்தும் அப்படியே இருக்கு.”

“அதான் ஆன்ட்டி பிரச்சினையே,” என்றாள் அந்தப் பெண் தயங்கித் தயங்கி. பிறகு மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துப் பையின் வயிற்றைக் கிழித்தாள். மணலோடு மணலாக வெளிறிய நூல்கள் சில விழுந்தன. நூல்கள் அல்ல, முளைகள். கடற்புல் விதைகள் உள்ளேயே முளைத்து, வெளிச்சம் தேடி மூலைக்கு மூலை முட்டி, வழி கிடைக்காமல் சுருண்டு செத்திருந்தன.

ஆறு கடலில் கலக்கும் அந்த இடத்தில் ஒரு காலத்தில் வயல் மாதிரி புல் இருந்தது, மீன்குஞ்சும் நண்டும் அதில்தான் வளர்ந்தன என்று அந்தப் பெண் முதல் கூட்டத்தில் சொன்னபோது தெருவில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். ஆனால் வேலை என்று வந்ததும் எப்படியோ கூடிவிட்டார்கள். ரொட்டிக்கடைக்காரர் மணல் சலித்தார். பள்ளிக்கூட ஆசிரியைகள் விதை பொறுக்கினார்கள். படகுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே நங்கூரம் போடும் இடத்தைத் தள்ளி மாற்றிக்கொண்டார்கள். பை தைக்கும் வேலையைத் தையல்காரி தானே கேட்டு வாங்கினாள். மெல்லிய பருத்தி நூலில் தளர்வாகத் தைத்தால் போதும் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீருக்குள் போகிற பொருளாயிற்றே என்று நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டுவிட்டாள்.

“நாந்தான் கொன்னுட்டேனா?”

“ஐயோ, இல்ல ஆன்ட்டி. வாங்கும்போதே நான் பாத்திருக்கணும். பை அழகா இருக்குன்னு போட்டோ எடுத்துட்டுப் போயிட்டேன்.” அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். “தொட்டியில இந்த வருஷ விதை இருக்கு. அடுத்த வாரத்துக்குள்ள போட்டாகணும். இந்தத் தடவையும் வரலேன்னா படகுக்காரங்க எடத்தைத் திருப்பிக் கேட்டுடுவாங்க. அவங்க தலைவர் இப்பவே என்னைப் பாத்தா வாட்சைப் பாக்குறார்.”

மோசமாகத் தைப்பது இவ்வளவு கஷ்டம் என்று தையல்காரிக்கு அதுவரை தெரியாது. பருத்தி நூல் கோத்து, தையலைத் தளர்த்தினால் துணி தானாக நேராகப் போனது. கண்ணை மூடிக்கொண்டு தைத்தாள். கோடு போட்ட மாதிரி வந்தது. இடது கையால் பிடித்துத் தைத்தாள். நகத்தால் இழுத்துப் பார்த்தால் அசையவில்லை. சாயங்காலத்துக்குள் மேசை நிறையக் குறையே சொல்ல முடியாத பைகள். அவளுக்கு அழுகை வந்தது.

அவள் கணவர் படகுத்துறையில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பொழுது போகாமல் கடையில் வந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மெஷினைத் தொட மட்டும் அனுமதி கிடையாது. பொத்தான் தைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சட்டையை வாங்கி, சட்டைப்பையின் வாயையும் சேர்த்துத் தைத்து அனுப்பியதிலிருந்து அந்தத் தடை.

பேப்பரை மடித்துவிட்டு அவர் கேட்டார். “கல்யாணம் ஆனதுலேர்ந்து என்னைப் பத்தி நீ என்ன சொல்லிட்டிருக்கே?”

“ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியாதுன்னு.”

“அந்த ஆள் இங்கதானே உக்காந்திருக்கான்.”

அவள் முறைத்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டாள்.

பக்கத்தில் இருந்து பார்ப்பதுதான் கொடுமையாக இருந்தது. தையல் குடித்துவிட்டு வீடு திரும்புகிறவனைப் போலச் சாக்கின்மேல் தள்ளாடிக்கொண்டு போயிற்று. அவள் கை தானாக நீண்டது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“என்னங்க, அந்த மூலையில...”

“பேசாதே. கையில நல்லது வந்துடப்போகுது.”

மறுநாள் ஆராய்ச்சிப் பெண் ஒரு பையை எடுத்து லேசாக இழுத்தாள். நூல் வழுக்கிக்கொண்டு வந்தது. “அங்கிள்! எப்படி அங்கிள் இவ்வளவு...” என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“கேவலமா. சொல்லும்மா, சும்மா சொல்லு,” என்றார் அவர் பெருந்தன்மையாக. அந்த வாரம் முழுக்க அவர்தான் தைத்தார். அவள் சாக்கு வெட்டிக் கொடுத்தாள், கேட்டபோதெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாள். அவரும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

விதை போட்டுச் சில மாதம் கழித்து, தண்ணீர் வற்றிய ஒரு காலையில் எல்லோரும் பார்க்கப் போனார்கள். தையல்காரி உடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் தடவையாகச் சேற்றில் இறங்கினாள். கணவர் தனக்கென்று ஒரு வழி பிடித்து முன்னால் போய்விட்டார். படகுக்காரர் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு கூடவே வந்தார். முதல் வரிசையில் ஒன்றுமே இல்லை, வெறும் சேறு. ஆராய்ச்சிப் பெண் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள். அடுத்த வரிசையில் ஒரு பை வாய் பிளந்து கிடந்தது. பிளவு வழியாக விரல் நீளத்துக்குப் பச்சைப் புல்தாள்கள் வெளியே வந்து, கணுக்காலளவுத் தண்ணீரில் சாய்ந்து அசைந்தன. அதற்கு அப்பால் இன்னொன்று. எல்லாப் பையிலும் இல்லை. ஆனால் இருந்தது.

தலைவர் குனிந்து ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். “இந்த நாலு புல்லுக்கா எங்களை அவ்வளவு தூரம் போய்ப் படகைக் கட்டச் சொன்னீங்க?”

விரலை உதறிக்கொண்டார்.

“சரி, இன்னொரு வருஷம் அங்கயே கட்டிக்கிறோம். அப்புறம் பாக்கலாம்,” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார். ஆராய்ச்சிப் பெண் சேறும் சகதியுமாகத் தையல்காரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“ஏம்மா, இங்க வா. மெதுவா வா,” என்று கணவரின் குரல் கேட்டது. கொஞ்ச தூரத்தில் அவர் ஒற்றைக் காலில் நின்று தள்ளாடிக்கொண்டிருந்தார்.

“காலைக் கீழ வைங்க, விழப்போறீங்க!”

“எங்க வைக்கிறது?”

தையல்காரி தண்ணீரைக் கலக்காமல் நடந்து போனாள். தூக்கிய காலின் நிழலுக்குள், புல்லைச் சுற்றி, கண் மட்டுமே தெரிகிற, கண்ணாடி மாதிரி மீன்குஞ்சுகள் கூட்டமாக மொய்த்துக்கொண்டிருந்தன. நிழல் ஆடினால் அவையும் ஆடின. அவள் போய்த் தோளைக் கொடுத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, காலை இறக்காமல் நின்றார்.