பொறுப்பாளர் கையெழுத்து

போரை நிறுத்தியே தீருவோம் என்று வாய் கிழியப் பேசிய கமிட்டியின் பதினொரு பேரில் ஒருவருக்காவது பேனாவைத் தொடத் தைரியம் இருந்ததா? மூச்! ஜெராக்ஸ் கடை மாடியில் கூட்டம். ஊர்வல அனுமதி விண்ணப்பத்தில் ‘பொறுப்பாளர் கையெழுத்து’ என்று ஒரு கட்டம் காலியாக இருக்க, தாள் மேசையைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

“எனக்குப் பதவி உயர்வு வர்ற நேரம்” என்று பேராசிரியர் தள்ளிவிட்டார்.

“நான் போட்டுட்டா, நாளைக்கு உங்களுக்காக வாதாட யாரு இருக்கா?” என்றார் வக்கீல்.

கவிஞர் ஒருவர் இருந்தார். மைக்கைக் கண்டால் விடமாட்டார் என்பதால் ‘முழக்கம்’ என்று பட்டப்பெயர். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “கவிஞன் பாரத்துல எல்லாம் கையெழுத்துப் போடமாட்டான்” என்றார். அடேயப்பா!

அந்த நேரம் நோட்டீஸ் கட்டோடு மேலே வந்தாள் கடைக்கார அக்கா. அவளுடைய ஒரே மகனைப் போர்முனைக்கு இழுத்துக்கொண்டு போய் நாலு மாதம். பதினாறு நாளாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நின்றபடியே கையெழுத்தைப் போட்டாள்.

“ஒரு தாய் போட்டாத்தான் அதுக்கு மரியாதை!” என்று முழக்கம் உருகினார். தலை தப்பியதில் மற்றவர்களுக்கும் பரம சந்தோஷம்.

அனுமதி இரண்டு தாளாக வந்தது. இரண்டாவது முழுக்க நிபந்தனைகள்.

“போராடுறது உங்க உரிமைம்மா, நான் குறுக்கே வரல. ஆனா இதுல ஒண்ணு மீறினாலும் கேஸ் உங்க பேர்லதான். அப்புறம் இந்தத் தெருவுல ஊர்வலமே கிடையாது” என்றார் இன்ஸ்பெக்டர்.

அக்கா அங்கேயே நின்று இரண்டாவது தாளை வரி விடாமல் படித்தாள். கேஸுக்காக அல்ல. மகனைத் திருப்பிக் கொடு என்று கத்த அவளுக்கு இருந்த ஒரே இடம் அந்தத் தெரு. பதினொரு பேருக்கும் நகல் எடுத்துக் கொடுத்து, “ரெண்டாவது தாளை மறக்காம படிச்சுடுங்க” என்று கெஞ்சினாள். எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

ஊர்வலத்துக்கு முந்நூறு பேர் வந்தார்கள். மகன் படத்தைப் பிடித்துக்கொண்டு அக்கா முன்னால் நடந்தாள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் முக்கில் வேன்மேல் நின்ற முழக்கத்துக்கு ஆவேசம் வந்துவிட்டது.

“உட்காருங்க தோழர்களே! ஒரு வண்டி நகரக்கூடாது!”

கூட்டம் ரோடு முழுக்க உட்கார்ந்துவிட்டது. பின்னாலேயே ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, “உள்ளே ஒரு பொம்பளைக்கு மூச்சு இழுக்குதுங்க, வழி விடுங்க!” என்று கதறினார்.

“நம்ம பிள்ளைங்க சாகும்போது யார் வழி விட்டாங்க?” என்று முழக்கம் மைக்கில் கேட்க, அதற்கும் கை தட்டினார்கள், வெட்கம் கெட்டவர்கள். அடுத்து ஒரு தாளை விரித்துக் கவிதை வாசிக்கத் தொடங்கினார்.

“யாருங்க பொறுப்பாளர்?” என்று இன்ஸ்பெக்டர் கூட்டத்துக்குள் வந்தார். வக்கீல் எப்போதோ கம்பி நீட்டியிருந்தார். மற்றவர்கள் விரல் அத்தனையும் அக்காவைக் காட்டின. அந்தக் கமிட்டியில் அப்படியொரு ஒற்றுமையை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

அக்கா முழக்கம் நின்ற வேன்மேல் ஏறினாள். முழக்கத்தின் கையிலிருந்த தாளின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு. அவளுடைய ஜெராக்ஸ் மிஷின் எல்லா நகலிலும் போடும் கோடு. பாவி மனுஷன் நிபந்தனைத் தாளின் பின்பக்கத்தில் கவிதை எழுதி வைத்திருக்கிறார்! தாளையும் மைக்கையும் பிடுங்கி, தாளின் மறுபக்கத்தைத் திருப்பி வாசித்தாள்.

“நாலாவது நிபந்தனை. ஆஸ்பத்திரி ரோட்டுல பாதியை எப்பவும் காலியா விடணும். இதுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். உசுரு போகக்கூடாதுன்னு கத்த வந்துட்டு இங்கே ஒருத்தியைக் கொல்லப் போறீங்களா? எந்திரிங்க! அந்த ஓரமா நின்னு கத்துங்க, நானும் கத்தறேன்!”

கூட்டம் எழுந்து ஒதுங்கியது. ஆம்புலன்ஸ் போனது. அவள் தொண்டை கிழிய, “போரை நிறுத்து!” என்றாள். முந்நூறு பேரும் திருப்பிச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் கேஸ் எழுத எடுத்த நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் முழக்கம் கடைக்கு வந்து, முகத்தைப் பார்க்காமல் ஒரு தாளை நீட்டினார். “பதினொரு காப்பி வேணும்.”

அதிகாரத்துக்குத் துணைபோன கடைக்காரப் பெண்மணியைப் பொறுப்பிலிருந்து நீக்கும் தீர்மானம். கீழே பதினொரு கையெழுத்து. பேராசிரியர் தேதிகூடப் போட்டிருந்தார். முழக்கத்தின் கையெழுத்துக்கு அடியில் இரண்டு கோடு வேறு.

“எல்லாருக்கும் கை நல்லாத்தான் இருக்கு” என்றாள் அக்கா.

காப்பி எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். பிறகு அடுத்த வாரத்துக்கான விண்ணப்பத்தை எடுத்து, பொறுப்பாளர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். ‘பேச்சாளர்கள்’ என்ற இடத்தில், ‘யாரும் இல்லை’ என்று எழுதினாள்.