பட்டியலின் கடைசிப் பெயர்

சுவிட்சர்லாந்து பெண்கள் கால்பந்து அணிக்காக எழுபத்தொரு ஆட்டம் ஆடியிருக்கிறேன், இடப்பக்கத் தடுப்பாட்டக்காரியாக. அத்தனையும் செரைனாவின் இடம். அவள் சாகாமல் இருந்திருந்தால் நான் மாற்று ஆட்டக்காரிகளின் பெஞ்சைத் தேய்த்துவிட்டு, லான்ட்குவார்ட் தபால் நிலையத்துக்கே முழுநேரமும் முத்திரை குத்தப் போயிருப்பேன்.

போன மாதம் அவளுடைய அம்மா மெங்கியா அத்தை போன் செய்தாள்.

"உர்ஷ்லா, செரைனாவுக்கு இருபத்தஞ்சு வருஷம் முடிஞ்சிடுச்சு. ஊராட்சி ஆபீஸ்லேர்ந்து கல்லறையில சீட்டு ஒட்டிட்டாங்க. சனிக்கிழமை கல்லைப் பெயர்க்கறாங்க. என் இடுப்பு இருக்கற லட்சணத்துக்கு என்னால ஆகாது. நாட்டுக்காக ஓடின உடம்பாச்சே, வந்து ஒரு கை பிடியேன்."

எங்கள் ஊர்களில் கல்லறைக்கும் தவணை உண்டு. அது முடிந்தால் அடுத்தவருக்கு இடம் விட வேண்டியதுதான். அதில் யாருக்கும் பெரிய வருத்தமில்லை. எனக்குத்தான் ஒரு பாக்கி இருந்தது. கல் போவதற்குள் அத்தையிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் காலத்தில் பயிற்சி ரத்தானால் தகவல் சங்கிலியாகப் போகும். பயிற்சியாளர் பட்டியலின் முதல் பெயருக்குப் போன் செய்வார். அவள் அடுத்தவளுக்கு, அவள் அதற்கடுத்தவளுக்கு. எனக்கு அடுத்த பெயர் செரைனா. அதோடு பட்டியல் முடிந்தது. அந்த மார்ச் ஞாயிறு காலை ஆறு மணிக்கு எனக்குத் தகவல் வந்தது: சூரிச் மைதானத்தில் முழங்கால் அளவு பனி, யாரும் வர வேண்டாம். ரிசீவரை எடுத்தேன். முந்தின வாரம்தான் அவளை ஆடவிட்டு என்னை உட்காரவைத்திருந்தார்கள். ஒரு நாள் அலையட்டுமே, மூன்று மணி நேரம் வண்டியோட்டி வந்து பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். ரிசீவரை வைத்துவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவப் போனேன்.

சூரிச்சுக்கு வரும் வழியில், ஜூலியர் கணவாயின் இறக்கத்தில் அவள் கார் வழுக்கி உருண்டது. "போன் அடிச்சேன், யாரும் எடுக்கல" என்று எல்லாரிடமும் சொன்னேன். நம்பினார்கள்.

நான் அடிக்காத அந்த மணி அன்றிலிருந்து என்னை விடவில்லை. தேசிய கீதத்தின் நடுவில் கேட்கும். எதிரணிக்குக் கார்னர் கிடைத்து அரங்கமே மூச்சைப் பிடிக்கும்போது, செரைனா வீட்டு நடையில் போன் அடிக்கும். நெடுநேரம் அடிக்கும். யாரும் எடுக்க மாட்டார்கள். ஆஸ்லோவில் ஒரு மதியம், விடுதி அறைப் போனின் வயரைப் பிடுங்கிப் போட்டேன்.

"அடிக்காத போனை எதுக்குடி புடுங்கற?" என்றாள் அறைத்தோழி.

சனிக்கிழமை போனேன். கல்லறைத் தோட்டத்தில் ஊராட்சி ஆள் யாச்சன் சின்ன மண்வாரி இயந்திரத்தோடு நின்றிருந்தான்.

"நாட்டு அணியே வந்தாச்சு. மெஷினை வீட்டுக்கு அனுப்பிடவா?"

"முதல்ல உன் தொப்பையை அனுப்பு" என்றாள் அத்தை.

கடப்பாரை போட்டதும் கல் அசைந்தது. கட்டித் தூக்கக் கயிறு எடுத்து வர யாச்சன் போனான். இதைவிட்டால் நேரமில்லை.

"அத்தை, அன்னிக்கு நான் போனே பண்ணல. அடிச்சேன்னு சொன்னது பொய். அவ ஒரு நாள் அலையட்டும்னு நினைச்சேன். அவ்வளவுதான் நினைச்சேன்."

அத்தை கையுறையைக் கழற்றினாள்.

"தெரியும்."

"எப்படி?"

"அவ அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தாரு. ஏதாவது தகவல் வருமோன்னு ராத்திரி பூரா போன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். அவ கிளம்பறப்போகூட எழுந்து வாசலுக்குப் போகல. அது அடிக்கவே இல்லடி."

பெர்ன், பாசல், லூசெர்ன் என்று நாட்டுக்குள் நான் எங்கே ஆடினாலும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, ஆட்டம் முடிந்ததும் வால்நட் கேக்கைக் கையில் திணித்தவள் இவள்தான்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா பொய் சொல்லுவ. அப்புறம் உன் மூஞ்சியில முழிக்க முடியாது. உன் வயசுதானே அவளுக்கும்? முப்பதுல எப்படி ஓடுவா, நாற்பதுல எங்க நரைக்கும்னு உன்னைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்காக வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

அழுதேன். மன்னிக்கச் சொன்னேன். அவள் கல்லில் படிந்த பாசியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"இப்ப சொல்லிட்ட. இனிமே தெரியாத மாதிரி உன்னைப் பார்க்க எனக்கு வராது. கல்லை என் வண்டியில ஏத்திக் குடுத்துட்டுக் கிளம்பு. திரும்ப வராத, உர்ஷ்லா."

யாச்சன் கயிற்றோடு வந்தான். ஏதோ கிண்டலடித்தான். கல்லை ஏற்றினோம்.

என் பாரம் இறங்கட்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வண்டியின் பின்கதவைச் சாத்தியபோதுதான் உறைத்தது. அவளிடமிருந்து மகளை இரண்டாம் முறையும் நானே எடுத்துக்கொண்டுவிட்டேன்.